செவ்வாய்க்கிழமைச் சாசர்கள்

மார்லோ லேண்டிங், ஒஹாயோ
1934 அக்டோபர் 18, வியாழக்கிழமை

அன்பு மகள் லெட்டிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் இங்கே சௌக்கியம், மழை வருவதற்கு முதல் நாள் இடது முழங்கால் மட்டும் சொல் பேச்சு கேட்பதில்லை, மற்றபடி குறை இல்லை. நீயும் மாப்பிள்ளை ஓரினும் குழந்தை நெல்லும் அந்தக் கலிஃபோர்னியா வெயிலில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினம் படுக்கும்போது வேண்டிக்கொள்கிறேன். நெல்லுக்கு இருமல் விட்டதா, மரத்தில் தொங்குகிறது என்பதற்காக வெறும் வயிற்றில் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துக்கொண்டிருக்காதே, ஓட்ஸ் கஞ்சி ஒரு வாய் உள்ளே போன பிறகு எதுவானாலும் கொடு. ஊரில் விசேஷம் என்று பார்த்தால் ஆற்றில் தண்ணீர் ஏறி நம் தெருமுனை வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது, பக்கத்து வீட்டு வினி ஹாப்வுட்டின் இரண்டாவது பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பையனுக்கு வேலை கிடைக்கட்டும் என்று தள்ளிப் போட்டிருக்கிறார்கள், அப்பாவின் கல்லறைக் கல் சாய்ந்திருந்ததை நம் தியேட்டர் ஆபரேட்டர் கஸ் ஹேவர்காம்ப் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நிமிர்த்திவிட்டு வந்தார், நான் கேட்கக்கூட இல்லை.

உன் கடிதம் போன வாரம் வந்தது. மூன்று தடவை படித்தேன். அறுபத்தொரு வயதில் இந்த அலைச்சல் எதற்கு, ஓரியன் தியேட்டரை விற்றுவிட்டு எங்களோடு வந்து இரு அம்மா, கௌரவமான விலைக்குக் கேட்கிறார்கள், சட்டமே உனக்கு எதிராக இருக்கும்போது ஏன் முட்டிக்கொள்கிறாய் என்று எழுதியிருக்கிறாய். அப்பா தன் உயிலில் தியேட்டரைப் பாதி உனக்கும் பாதி எனக்கும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனவர், அதனால் கேட்க உனக்கு உரிமை உண்டு, அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீ கேட்டதற்குப் பதில் சொல்லுவதற்கு முன்னால் இந்த ஒரு மாதத்தில் இங்கே நடந்ததை நீ முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும், பாதி மட்டும் யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள், யார் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் சாமானை ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது ஊரில் ஒரு பீங்கான் சூளையிலும் புகை இல்லை, உனக்கு நினைவிருக்கும். அந்தக் குளிர்காலம் முழுக்க செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்குப் பதினொரு பேர் வருவார்கள், அதில் நாலு பேர் குளிருக்கு ஒதுங்கியவர்கள், படம் என்ன என்று கேட்டால் தெரியாது. மற்ற ஊர்த் தியேட்டர்களில் செய்வதைக் கேள்விப்பட்டு நானும் செவ்வாய்க்கிழமை டிக்கெட் வாங்குகிற பெண்களுக்கு ஒரு பீங்கான் சாமான் இலவசம் என்று வாசலில் பலகை வைத்தேன். ஒரு வாரம் சாப்பாட்டுத் தட்டு, மறு வாரம் சூப் கிண்ணம், இப்படி ஒரு வருஷம் விடாமல் வந்தால் முழு செட்டும் சேர்ந்துவிடும். சாமான் எல்லாம் நம் ஊர் ஹாலம் ஆலையில் செய்தது. தன் கையால் காது ஒட்டிய கோப்பையை விலை கொடுத்து வாங்க வழியில்லாத பெண்கள் நம் ஊரில் எத்தனை பேர், வினியே இருபது வருஷம் கோப்பைக்குக் காது ஒட்டினவள், அவள் வீட்டில் தகர டம்ளர்தான். செவ்வாய்க்கிழமை வாசலில் வரிசை தெருமுனை வரைக்கும் நிற்க ஆரம்பித்தது. படத்தில் காதலன் முத்தம் கொடுக்கப் போகும்போது சரியாக ஒருத்தி மடியிலிருந்து தட்டைக் கீழே போட்டு உடைப்பாள், கூட்டம் முழுக்கக் கைதட்டும், அதைக் கேட்பதற்காகவே பாதிப் பேர் வந்தார்கள் என்று நினைக்கிறேன். நம்மைப் பார்த்து ஆற்றோரத்தில் இன்னும் மூன்று ஊர்த் தியேட்டர்கள் ஆலை முதலாளி ஹாலமிடம் சாமான் கேட்டன. ஹாலம் இரண்டாவது சூளையைப் பற்றவைத்தார். நாற்பது பேருக்கு வேலை திரும்பி வந்தது லெட்டி, நாற்பது குடும்பம்.

அப்புறம் ஜனாதிபதியின் தொழில் மீட்புச் சட்டம் வந்தது. அதற்கு நான் எதிரி இல்லை என்பது உனக்கே தெரியும், அந்தச் சட்டப்படி நடக்கிறவர்களுக்குக் கொடுக்கிற நீலக் கழுகு அட்டையை இந்த ஊரில் முதலில் ஜன்னலில் ஒட்டியவள் நான்தான், ஊர்வலத்தில் இந்த முழங்காலை வைத்துக்கொண்டு பாலம் வரைக்கும் நடந்தேன். கஸ் தினம் பன்னிரண்டு மணி நேரம் அந்த ஆபரேட்டர் அறைக்குள் வெந்துகொண்டிருந்த மனுஷர். சட்டம் அவர் வேலை நேரத்தைக் குறைத்தது, இன்னொரு ஆபரேட்டரை வைத்தாக வேண்டும் என்றது, எனக்குச் செலவுதான், ஆனால் நியாயம், செய்தேன். ஆனால் அதே சட்டப் புத்தகத்தில் ஒரு மூலையில், டிக்கெட்டோடு பரிசுச் சாமான் கொடுப்பது முறையற்ற போட்டி என்று ஒரு வரி இருந்திருக்கிறது. அதை யாரும் ஒரு வருஷமாகத் தொடவில்லை, செவ்வாய்க்கிழமைகளில் தன் தியேட்டரில் ஈ ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் அக்கரைப் பேலஸ் தியேட்டர் மானேஜர் வெர்னன் ஸ்டிக்லிக்கு அந்த வரி கண்ணில் பட்டது. பேலஸ் ஒரு ஸ்டுடியோக் கம்பெனிக்குச் சொந்தம், வாசலில் பித்தளைக் கைப்பிடி, உள்ளே கம்பளம், வெளியே ஒரு ஆள் பொத்தான் வைத்த கோட்டு போட்டுக்கொண்டு கதவைத் திறந்துவிடுகிறான், அப்படியும் எங்கள் சூப் கிண்ணத்தோடு அவரால் போட்டி போட முடியவில்லை.

ஸ்டிக்லி புகார் கொடுத்து, விசாரணைக்கு வரச் சொல்லி நகரத்தில் அந்தச் சட்டத்தைப் பார்த்துக்கொள்கிற வாரியத்திலிருந்து கடிதம் வந்தபோது நாங்கள் கோப்பைகளைக் கொடுத்து முடித்திருந்தோம், சாசர் இன்னும் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. ஊரில் இருநூறு வீட்டில் கோப்பை இருக்கிறது, சாசர் இல்லை. ஹாலமோ சாசரை எல்லாம் சுட்டு அனுப்பிவிட்டார், வைக்கோல் பெட்டி பெட்டியாக நம் தியேட்டர் முன்கூடத்தில் மேல்கூரை வரைக்கும் அடுக்கியிருந்தது. நானும் வினியும் கோயிலுக்குப் போகிற தொப்பியைப் போட்டுக்கொண்டு காலை பஸ்ஸில் நகரத்துக்குப் போனோம். பெரிய அறை, சுவரில் நீலக் கழுகு, மேஜைக்குப் பின்னால் மூன்று பேர், பக்கத்தில் ஸ்டிக்லி ஒரு காலின் மேல் இன்னொரு காலைப் போட்டுக்கொண்டு. மரியாதை தெரிந்தவர்கள், எங்களுக்கும் காபி கொடுத்தார்கள். நம் ஊர்க்காரர்கள் எங்கே போனாலும், யார் வீட்டு விருந்தானாலும், தட்டைத் திருப்பி அடியில் எந்த ஆலை முத்திரை என்று பார்க்காமல் சாப்பிட மாட்டோம் என்பது உனக்குத் தெரியும், உன் கல்யாணத்தன்று பாதிரியார் வீட்டுத் தட்டை நீயே திருப்பினவள்தானே. வினிக்கு அங்கே ஒரே பயம். பழக்க தோஷத்தில், உள்ளே காபி இருக்கிறது என்பதையே மறந்து கோப்பையைக் கவிழ்த்துவிட்டாள். ஸ்டிக்லியின் புகார் மனு, அதன் மூன்று நகல், தலைவருடைய கண்ணாடிக் கூடு எல்லாம் காபியில் மிதந்தது. அவர்கள் காகிதத்தைத் தூக்கி உதறிக்கொண்டிருக்கிறார்கள், இவள் கோப்பையின் அடியைப் பார்த்துவிட்டு, "ஏ ஹெஸ்டர், இது ஜப்பான் சரக்குடி" என்று சத்தமாகச் சொல்கிறாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கோபமும் வந்தது. ஜப்பான்காரன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை, அவனும் எங்கேயோ ஒரு சூளை முன்னால் நின்று நெஞ்சுக்குள் தூசி ஏற்றிக்கொள்கிற, தியேட்டர் வாங்குவதற்கு முந்தின உன் அப்பா மாதிரி ஒருத்தன்தான். ஆனால் அந்தச் சுவரில் கழுகை மாட்டி வைத்துக்கொண்டு நம் சாசரைத் தடுக்க உட்கார்ந்திருக்கிறவர்கள் கையில் அந்தக் கோப்பையைப் பார்த்ததும் எனக்கு நாக்கு அவிழ்ந்துவிட்டது. தலைவர், "அம்மா, இது விசாரணை, சமையல்கட்டு இல்ல, சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார். நான் எழுந்து நின்று, "எல்லாருக்கும் ஒண்ணுன்னா, புதுப் படம் இவர் தியேட்டர்ல ஓடி ஓஞ்சு மூணு மாசம் கழிச்சு எனக்குக் கிழிஞ்ச ரீலா வருதே, அது எந்த ஊரு முறையான போட்டி? அவருக்குப் புதுப் படம் இருக்கு, எங்கிட்ட சாசர் இருக்கு. அவரு அவர் சரக்க வச்சு விக்கட்டும், நான் என் சரக்க வச்சு விக்கிறேன்" என்றேன். ஓரத்தில் இருந்த ஒருத்தர் குனிந்துகொண்டார், சிரித்தாரோ என்னவோ. ஆனாலும் தீர்ப்பு எனக்கு எதிராகத்தான் வந்தது. ஐந்து நாளில் சாசரை நிறுத்த வேண்டும், நிறுத்தாவிட்டால் எந்தப் படக் கம்பெனியும் ஓரியனுக்குப் படம் அனுப்பாது, ஜன்னலில் இருக்கிற கழுகையும் எடுத்துவிட வேண்டும். சாசரைப் பற்றிச் சொன்னபோதுகூட நான் பொறுத்துக்கொண்டேன், கழுகு என்றதும் பொறுக்கவில்லை. "கழுகுல மட்டும் கை வைக்காதீங்க, கஸ்ஸோட நேரத்தக் குறைச்சு, இன்னொரு ஆளுக்குச் சம்பளம் குடுத்து அத நான் சம்பாதிச்சிருக்கேன். உங்க சட்டத்த உங்களவிட நான் ஒழுங்கா நடத்துறேன்" என்று சொல்லிவிட்டு வினியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் அவள் அழுதுகொண்டே வந்தாள், "நான் காபியக் கொட்டலைன்னா ஒருவேள மனசு எரங்கியிருப்பாங்கடி" என்றாள். "போடி, கொட்டினது பத்தாது, மேசையில இன்னும் மூணு கோப்பை இருந்துச்சு" என்றேன், அதன் பிறகுதான் மூக்கைச் சிந்தினாள்.

நிறுத்தியிருந்தால் படம் வந்திருக்கும். நிறுத்தலாமா என்று ஒரு முழு நாள் யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நான் நிறுத்தினால் மற்ற மூன்று ஊரும் நிறுத்தும், ஹாலம் இரண்டாவது சூளையை அணைப்பார், அந்த நாற்பது பேரும் தெருவில்தான் நிற்பார்கள். எந்தச் சட்டம் ஜனங்களுக்கு வேலை கொடுக்க வந்ததோ அதைக் காட்டியே வேலையைப் பிடுங்குவார்களாம், நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமாம். மாட்டேன் என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை ரயிலில் ரீல் பெட்டி வரவில்லை. நேற்று முன்தினம் செவ்வாய்க்கிழமை, படமே இல்லாமல் தியேட்டரைத் திறந்தேன். நம் வீட்டு ரேடியோப் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் மேடையில் வைத்து, "இன்று ரேடியோ, சாசர் உண்டு" என்று வாசலில் எழுதிவிட்டேன். ஸ்டிக்லி தானே அக்கரையிலிருந்து வந்து டிக்கெட் ஜன்னலில் தலையை நீட்டி, "படமே இல்லாம எதுக்கும்மா டிக்கெட்டு?" என்று கேட்டார். "உங்க புத்தகத்துல படம் காட்டுறவங்க சாமான் குடுக்கக் கூடாதுன்னுதானே இருக்கு? நான் படம் காட்டலையே, உக்காந்து ரேடியோ கேக்க வாங்கன்னு சொல்றேன். டிக்கெட் வேணும்னா பத்து சென்ட்டு, சாசர் பொம்பளைங்களுக்கு மட்டும்தான்" என்றேன். மனுஷர் பத்து சென்ட் கொடுத்து உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

ரேடியோ என்னடாவென்றால் அன்றைக்கென்று பார்த்து கரகர என்று இழுத்துக்கொண்டு கிடந்தது, வேடிக்கைக்காரன் பேசுகிற பாதி நகைச்சுவை யாருக்கும் கேட்கவில்லை. கூட்டம் சலசலக்க ஆரம்பித்தது. அப்போது கஸ் மேலே ஆபரேட்டர் அறையிலிருந்து வெறும் வெளிச்சத்தைத் திரையில் அடித்தார், ரீல் இல்லாத வெள்ளை வெளிச்சம். சூளைக்கார ஏபெல் பிராட்ஷா எழுந்து மேடைக்குப் போய், அந்த வெளிச்சத்தில் தன் நிழலைப் பெரிதாக விழ வைத்து, தொப்பியை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, ஸ்டிக்லி தன் காலி நாற்காலிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பது போல நடித்துக் காட்டினான். ஜனம் சிரித்து உருண்டது. பிறகு ஒருவர் மாற்றி ஒருவர் மேடை ஏறினார்கள், பாட்டு, மரச்செருப்பு ஆட்டம், செய்தித்தாள் சித்திரக் கதையை ஆளுக்கொரு குரலில் படித்தது, யாரும் வீட்டுக்குப் போக எழுந்திருக்கவில்லை. மூன்று சாசர் உடைந்தது, மூன்று தடவையும் கைதட்டல். வெளியே வரும்போது வினி சாசரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தாள். இருபது வருஷம் கோப்பைக்குக் காது ஒட்டினவளுக்கு அன்றைக்குத்தான் கோப்பைக்குக் கீழே வைக்க ஒன்று கிடைத்தது.

நேற்றுக் காலையில் ஸ்டிக்லி மறுபடி வந்தார், இந்தத் தடவை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. கௌரவமான விலை என்றார். நீ எழுதிய அதே இரண்டு வார்த்தை, அப்போதே எனக்குச் சுருக்கென்றது. பிறகு அவரே சொல்லிவிட்டார், "உங்க பொண்ணுக்கு நான் எழுதியிருக்கேன், அவங்க ஒத்துக்கிட்ட மாதிரிதான். மாப்பிள்ளைக்கு எங்க ஸ்டுடியோவுல செட்டு போடுற தச்சு வேல தயாரா இருக்கு, ஏழு மாசமா வேலையில்லாம இருக்காராமே பாவம், நீங்க ஒருத்தர்தான் குறுக்க நிக்கிறீங்க." நான் டிக்கெட் ஜன்னல் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏழு மாதம், லெட்டி. ஏழு மாதமும் ஒவ்வொரு கடிதத்திலும் ஓரின் நன்றாக இருக்கிறார், ஓரினுக்கு வேலை நன்றாகப் போகிறது என்று எழுதினாயே, அதை நான் வினிக்குப் படித்துக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டிருந்தேனே. எனக்கு உன் மேல் கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓரினுக்கு வேலை இல்லாததற்கு அல்ல, பாதி அமெரிக்காவுக்கு வேலை இல்லை, அதில் வெட்கம் என்ன இருக்கிறது. பெற்ற தாயிடம் சொல்ல வெட்கப்பட்டு, ஸ்டிக்லியிடம் சொல்லியிருக்கிறாய், அதுதான் எனக்கு நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கம் பிடிக்காமல் செய்தது. நீ பட்டினி கிடந்தாயா, நெல்லுக்குப் பால் வாங்க முடிந்ததா என்று நினைத்து நினைத்து மனசு ஆறவில்லை.

இருந்தாலும் என் பதில் முடியாது என்பதுதான். அவரிடம் அப்படியே சொன்னேன். அவர் கதவருகில் நின்று, "அப்ப உங்க பொண்ணோட பாதிய மட்டும் வாங்கிக்கிறேன், பாதி கைக்கு வந்தா மீதி தானா வரும்" என்றார். வரலாம். உன் பாதி உன்னுடையது, அப்பா யோசிக்காமல் எழுதிவைக்கவில்லை. நீ விற்பதானால் நான் வக்கீலிடம் போக மாட்டேன், உன்னைத் திட்டி எழுத மாட்டேன், கிறிஸ்துமஸுக்கு வழக்கம்போலப் பழ கேக் அனுப்புவேன். ஆனால் என் பாதியில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஜன்னலில் கழுகும் மடியில் சாசர் பெட்டியுமாக, செவ்வாய்க்கிழமை தவறாமல் சாசர் கொடுப்பேன், ஸ்டிக்லி தன் பாதியில் என்ன வேண்டுமானாலும் காட்டிக்கொள்ளட்டும். நான் தோற்கவும் தோற்கலாம், அது எனக்குத் தெரியாமல் இல்லை. நம் செவ்வாய்க்கிழமைக் கதையைக் கேள்விப்பட்டு பிட்ஸ்பர்கிலிருந்து ஒருத்தர் நேற்று ஆள் அனுப்பினார், பெரிய கம்பெனிகளோடு ஒட்டாமல் தனியாகப் பழைய குதிரைக்காரத் துப்பாக்கிச் சண்டைப் படங்களை வாடகைக்கு விடுகிறவராம், திங்கட்கிழமையிலிருந்து படம் வரும். ஒரு படத்தில் கடைசி ரீல் இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். கதை எப்படி முடிந்தது என்று ஜனங்களே சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்வார்கள். படம் காட்டிக்கொண்டே சாசரும் கொடுப்பேன், மறுபடி விசாரணைக்குக் கூப்பிட்டால் வினியையும் கூட்டிக்கொண்டு போவேன்.

இனி நான் சொல்ல வந்ததைக் கேள். நம் இரண்டாவது ஆபரேட்டர் போன வாரம் ஆக்ரனில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான், திங்கட்கிழமை படம் வந்தால் கஸ் ஒருத்தரே மறுபடியும் இரண்டு ஆள் வேலை பார்க்க வேண்டும், அது சட்டப்படி தப்பு. அந்த இடம் ஓரினுக்கு. தச்சனுடைய கை, ஒரு மாதத்தில் பழகிவிடும், கஸ் சொல்லிக் கொடுப்பார், அவர் கண்டிப்பானவர், மாப்பிள்ளை என்று பார்க்க மாட்டார். சம்பளம் சட்டம் சொன்ன சம்பளம், ஒரு சென்ட் குறையாது, ஒரு சென்ட் கூடாது, இது நான் போடுகிற பிச்சை இல்லை என்று ஓரினிடம் சொல். ஸ்டுடியோ வேலைதான் வேண்டும் என்றால் அதையும் உங்கள் இஷ்டத்துக்கு விட்டுவிடுகிறேன். கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் காக்கட்டும், நெல் உயரத்திலும் அறிவிலும் வளரட்டும், உன் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். குளிர்க்கோட்டை விற்றுவிடவில்லை என்று நம்புகிறேன், வருவதானால் இங்கே அது வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அந்த இடத்தை நவம்பர் முதல் தேதி வரைக்கும்தான் காலியாக வைத்திருப்பேன். அதற்கு மேல் ஒரு நாளும் கஸ்ஸை இரண்டு ஆள் வேலை வாங்க மாட்டேன், மகள் வரவில்லை என்பதற்காக நான் சட்டத்தை மீற முடியாது.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஹெஸ்டர் டன்னிக்ளிஃப்,
ஓரியனில் பாதிக்குச் சொந்தக்காரி.